எண்ணத் துணிந்த மருத்துவமனைகள்

1760ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் காலை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் கென்சிங்டன் அரண்மனையில் வழக்கம்போல் துயிலெழுந்தார்; சாக்லேட் பானம் அருந்தினார். பின்னர்க் கழிப்பறைக்குள் தனியே சென்றார். சற்று நேரத்தில் ஏதோ விழுந்த ஓசை கேட்டுப் பணியாளர் உள்ளே ஓடினார். மன்னர் தரையில் கிடந்தார். எழுபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் அரியணையில் இருந்தவரின் உயிர் சில நொடிகளில் பிரிந்துவிட்டது.

மறுநாள், உடலைப் பதப்படுத்துவதற்காகத் திறந்து பார்த்தவர் அரண்மனை மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ். இதயத்தைச் சூழ்ந்த உறை முழுவதும் உறைந்த குருதி நிரம்பியிருந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவரில் ஒரு கிழிசல் இருப்பதையும், அதன் வழியே குருதி சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்திருப்பதையும் அவர் குறித்து வைத்தார். பெருந்தமனிச் சுவர் பிளந்து நிகழும் மரணத்தைத் தெளிவாக வருணித்த முதல் மருத்துவக் குறிப்புகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. அந்நோய்க்கு அன்று மருத்துவம் இல்லை. அரசனுக்கும் இல்லை, ஆண்டிக்கும் இல்லை. நோயின் முன் அனைவரும் சமமாக இருந்த காலம் அது. கையறு நிலையில் சமமாக இருந்தனர் என்பதே உண்மை.

அந்தச் சமநிலை எவ்வாறு மாறியது? ஒரு நாட்டின் மருத்துவமனைகள் இந்நோயை எதிர்கொள்ளப் படிப்படியாக எவ்வாறு கற்றன? கற்றதை எல்லார்க்கும் ஒரேபோல் வழங்க முடிந்ததா? இங்கிலாந்தின் வரலாறு இக்கேள்விகளுக்குத் தெளிவான சில விடைகளையும், மனத்தை உறுத்தும் சில விடைகளையும் தருகிறது.

உடலின் பெருவாய்க்கால்

பெருந்தமனி என்பது இதயத்தின் இடப்புறக் கீழறையிலிருந்து எழுந்து, வளைந்து, முதுகெலும்பையொட்டி மார்பின் வழியாகவும் வயிற்றின் வழியாகவும் இறங்கும் குழாய். ஏரியிலிருந்து புறப்படும் பெருவாய்க்கால் கிளைவாய்க்கால்களாகப் பிரிந்து வயல்தோறும் பாய்வதுபோல, மூளைக்கும் கைகளுக்கும் குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் கால்களுக்கும் இதன் கிளைகளே குருதியைக் கொண்டு செல்கின்றன. குருதி உடலைச் சுற்றி வருகிறது என்னும் உண்மையை 1628இல் நூலாக வெளியிட்ட வில்லியம் ஹார்வி, இலண்டனின் புனித பர்த்தலமேயு மருத்துவமனையில் பணிபுரிந்தவர். ராஹியர் என்னும் துறவி 1123இல் ஒரு மடத்தையும், நலிந்தோர்க்கான இல்லத்தையும் அவ்விடத்தில் நிறுவினார். அதுவே அம்மருத்துவமனையின் தொடக்கம். மடம் மறைந்தது, மருத்துவமனை நின்றது. இன்று பெருந்தமனி அறுவை நடைபெறும் இலண்டனின் முதன்மையான இதய மையங்களுள் ஒன்று அங்கேதான் இயங்குகிறது.

இந்த வாய்க்காலின் கரை இரண்டு வகைகளில் கெடுகிறது. ஒன்று, சுவர் மெல்ல மெல்ல வலுவிழந்து பலூன்போல் உப்புவது. வயிற்றுப் பகுதியில் ஏறத்தாழ 2 செ.மீ. விட்டமுள்ள தமனி 3 செ.மீ. அளவை எட்டினால் அதனைத் தமனிப் புடைப்பு என்கின்றனர். வயது, ஆண்பால், புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், குடும்ப வழி ஆகியவை இதற்குக் காரணங்கள். பெரும்பாலும் வலி இல்லை, அறிகுறி இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒருவர் அதனைச் சுமந்து நடப்பார். தாம் சுமப்பதை அறியமாட்டார். அது வெடிக்கும் நாளில் பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் இறக்கின்றனர். பலர் மருத்துவமனையை எட்டுவதே இல்லை. மற்றொன்று, மன்னர் ஜார்ஜுக்கு நேர்ந்தது: உட்சுவர் திடீரெனக் கிழிந்து, குருதி சுவரைப் பிளந்துகொண்டு ஓடுவது. முன்னது ஓசையின்றி வளர்வது. பின்னது நெஞ்சைப் பிளக்கும் வலியுடன் வருவது. இரண்டுக்கும் மருத்துவமனைகள் கற்க வேண்டிய பாடங்கள் வெவ்வேறாக அமைந்தன.

துணிவின் காலம்

1817ஆம் ஆண்டு ஜூன் மாதம். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இடுப்பில் தமனிப் புடைப்பு வெடித்துக் குருதி கொட்டிக்கொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளியின் வயிற்றைத் திறந்து, பெருந்தமனியையே நூலால் கட்டினார். மயக்க மருந்து இல்லாத காலம். நோய்க்குக் கிருமியே காரணம் என்னும் கருத்து நிலைபெறாத காலம். அம்மனிதர் ஏறத்தாழ நாற்பது மணிநேரம் உயிரோடிருந்தார். கட்டினால் குருதிப் பெருக்கு நிற்கும். ஆனால் வாய்க்காலை அடைத்துவிட்டு வயலை எவ்வாறு காப்பது?

1864இல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சார்லஸ் மூர் வேறொரு வழியை முயன்றார். மார்பிலிருந்த புடைப்புக்குள் மெல்லிய இரும்புக் கம்பியை 26 கெஜ நீளத்திற்குச் செலுத்தினார். கம்பியைச் சுற்றிக் குருதி உறைந்து, புடைப்பு கெட்டியாகிவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நோயாளி சில நாள்களில் இறந்தார். ஆயினும் கம்பி நுழைக்கும் முறை பலர் கைகளில் பல பத்தாண்டுகள் நீடித்தது. வேறு வழி எதுவும் இல்லாமையே அதற்குக் காரணம்.

மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 1951 மார்ச்சில் பாரிஸ் நகரில் சார்லஸ் துபோஸ்ட், புடைத்த பகுதியை வெட்டியெடுத்து, இறந்தவர் ஒருவரின் தமனியை அவ்விடத்தில் வைத்துத் தைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி, டாக்ரான் என்னும் செயற்கை இழைத் துணியைத் தையல் எந்திரத்தில் குழாயாகத் தைத்துப் பயன்படுத்தினார். துணிக்குழாயைச் சுற்றி உடல் தன் திசுவை வளர்த்து அதனை ஏற்றுக்கொண்டது. இறந்தவரின் தமனிக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை நீங்கியது. 1968இல் இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஹியூ பெண்டால், அந்தோணி டி போனோ இருவரும், பெருந்தமனியின் அடிப்பகுதியையும் அதன் வால்வையும் ஒருசேர மாற்றும் முறையை வெளியிட்டனர். உலகெங்கும் அது இன்றும் பெண்டால் அறுவை என்றே வழங்குகிறது.

இதற்கிடையில் 1948 ஜூலை 5 அன்று, நோயுற்ற எவரும் பணம் செலுத்தாமல் மருத்துவம் பெறும் தேசிய சுகாதாரப் பணி பிரிட்டனில் தொடங்கியிருந்தது. எனவே, பெருந்தமனி அறுவை வளர்ந்த காலத்தில் அது செல்வர்க்கு மட்டும் உரியதாக இல்லை. மாவட்டந்தோறும் இருந்த பொது மருத்துவமனைகளில் பரவியது. குடல்வால் அறுவையும் பித்தப்பை அறுவையும் செய்த அதே பொது அறுவை மருத்துவர், ஆண்டுக்கு ஒரு சில பெருந்தமனிகளையும் மாற்றினார். அன்றைய நிலையில் அது இயல்பானதாகவும் நியாயமானதாகவும் தோன்றியது. ஊருக்கு அருகிலேயே மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பதில் என்ன தவறு இருக்க முடியும்?

பொறுத்திருத்தலும் ஒரு மருத்துவம்

அறுவை செய்ய முடியும் என்றானபின், எப்போது செய்யக் கூடாது என்னும் கேள்வி எழுந்தது. சிறிய புடைப்பையும் உடனே வெட்டியெறிந்துவிடலாமே என்று பலர் எண்ணினர். பிரிட்டனின் 93 மருத்துவமனைகள் ஒன்றுகூடி இதற்கு விடை தேடின. 4 முதல் 5.5 செ.மீ. வரையான புடைப்புக் கொண்ட 1,090 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு உடனே அறுவை. மறு பிரிவினர்க்குத் தொடர்ந்து ஒலியலை ஸ்கேன், புடைப்பு 5.5 செ.மீ. அளவைத் தாண்டினால் மட்டும் அறுவை. 1998இல் முடிவு வெளிவந்தது. உடனே அறுத்ததால் ஆயுள் கூடவில்லை. அறுவைக்குப்பின் முப்பது நாள்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 5.8 பேர்.

இன்று இங்கிலாந்தில் 5.5 செ.மீ. என்பது ஒரு வாசற்படி போன்றது. அதற்குக் கீழே இருப்பவர் கண்காணிக்கப்படுகிறார். அதனைத் தொட்டவர் அறுவை மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார். கத்தியை எடுக்கக் கற்ற தலைமுறையை அடுத்து, கத்தியைக் கீழே வைக்கக் கற்ற தலைமுறை வந்தது.

தேடிச் செல்லுதல்

அறிகுறி காட்டாத நோயாளி தாமாக மருத்துவமனைக்கு வரமாட்டார். ஆகவே மருத்துவமனை அவரைத் தேடிச் செல்ல வேண்டும். ஒலியலை ஸ்கேன் வலியற்றது, கதிர்வீச்சற்றது, பத்து நிமிடங்களில் முடிவது. குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் 1990 முதலே 65 வயது நிரம்பும் ஆண்களை அழைத்துப் பரிசோதிக்கும் திட்டம் நடைபெற்று வந்தது. ஆயினும் நாடு முழுவதற்கும் விரிவாக்கச் சான்று வேண்டுமே!

போர்ட்ஸ்மத், சவுத்தாம்ப்டன், வின்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய நான்கு நகர்ப் பகுதிகளில் 65 முதல் 74 வயதுவரையுள்ள ஆண்கள் 67,800 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேர் ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டனர், மறுபாதியினர் அழைக்கப்படவில்லை. 2002இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் அழைக்கப்படாதவர்களுள் 113 பேரும், அழைக்கப்பட்டவர்களுள் 65 பேரும் தமனிப் புடைப்பால் இறந்திருந்தனர். இந்த இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட 48 என்பதில் எத்தனை குடும்பங்கள் அடங்கியுள்ளன என்று எண்ணிப் பார்க்கலாம்.

2009இல் இங்கிலாந்தில் தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 2013க்குள் நாடு முழுவதும் பரவியது. 65 வயது நிறையும் ஆண்டில் ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு கடிதம் வருகிறது. 3 செ.மீ. அளவுக்குக் குறைவாயின், வாழ்நாளில் மீண்டும் அழைப்பில்லை. 3 முதல் 4.4 வரை எனில் ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன். 4.5 முதல் 5.4 வரை எனில் மூன்று மாதத்திற்கு ஒரு முறை. அதற்கு மேலாயின் எட்டு வாரங்களுக்குள் அறுவை நடைபெற வேண்டும் என்பது இலக்கு.

இத்திட்டத்திற்கும் ஒரு விலை உண்டு. நேற்றுவரை நலமாக இருந்த மனிதர், இன்று தம் வயிற்றில் ஒரு புடைப்பு இருப்பதை அறிந்தவராக வீடு திரும்புகிறார். அடுத்த மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அளப்போம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர், இரவில் வயிற்றில் கையை வைத்துப் படுத்திருக்கக்கூடும். அவருள் பலருக்கு அது என்றுமே வெடிக்காமலும் போகலாம். காப்பாற்றப்படுவோர் ஒரு சிலர். அறிவின் சுமையை ஏற்போர் அவரினும் பலர். வறுமை மிகுந்த பகுதிகளில் புகைப்பழக்கமும் நோயும் கூடுதல். ஆனால் கடிதத்தை ஏற்று வருவோர் அங்கேதான் குறைவு. தேடிச் செல்லும் கை, மிகவும் தேவைப்படுவோரை எட்டுவதற்குள் சற்றே தளர்ந்துவிடுகிறது.

உள்ளிருந்து ஒரு வழி

1987இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கலாய் வலோதஸும், 1990இல் அர்ஜெண்டினாவின் போனஸ் ஏர்ஸ் நகரில் ஹுவான் பரோடியும், வயிற்றையோ மார்பையோ திறக்காமலே பெருந்தமனியைச் சீர்செய்யும் வழியைக் காட்டினர். தொடையிலுள்ள தமனி வழியே மடித்த துணிக்குழாயைச் செலுத்தி, புடைப்பின் உள்ளே விரித்துவிடுதல் அம்முறை. உடைந்த மதகுக்குள் புதிய குழாயைச் செருகி நீரைத் திருப்பிவிடுவது போன்றது இது.

பிரிட்டானிய மருத்துவர்கள் இதனையும் ஆய்வுக்கு உட்படுத்தினர். 1999இல் தொடங்கிய பெரிய ஆய்வின் முதல் முடிவு 2004இல் வந்தது: முப்பது நாள்களுக்குள் இறந்தோர் திறந்த அறுவையில் நூற்றுக்கு 4.7 பேர், உள்வழிச் சிகிச்சையில் 1.7 பேர். மகிழ்ச்சி பரவியது. திறந்த அறுவையின் இடத்தை உள்வழிச் சிகிச்சை நாடெங்கும் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பதினைந்து ஆண்டுகள் விடாது பின்தொடர்ந்தனர். 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தலைகீழாக இருந்தது. தொடக்கத்தில் கிடைத்த நன்மை ஆண்டுகள் செல்லச் செல்ல மறைந்தது. எட்டு ஆண்டுகளுக்குப்பின் உள்வழிச் சிகிச்சை பெற்றோரிடையே, மீண்டும் கசிந்து வெடித்த புடைப்புகளால் இறப்பு கூடியது. திறந்த அறுவையைத் தாங்க இயலாத அளவுக்கு நலிந்தவர்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வு, அவர்களது மொத்த ஆயுள் இதனால் நீளவில்லை என்றது.

2018இல் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு, திறந்த அறுவையைத் தாங்கக்கூடியவர்க்கு உள்வழிச் சிகிச்சையை அளிக்க வேண்டா என்று வரைவு வெளியிட்டபோது மருத்துவ உலகில் பெரும் விவாதம் எழுந்தது. 2020இல் வந்த இறுதி வழிகாட்டி சற்று இளகியது. எனினும் உடல்வலிமை உள்ளவர்க்குத் திறந்த அறுவையே முதலில் என்பதைத் தக்கவைத்தது. முப்பது நாளின் கணக்கும் பதினைந்து ஆண்டின் கணக்கும் வெவ்வேறு உண்மைகளைச் சொல்லின. எதனை நம்புவது என்பது, நோயாளிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்பதைப் பொறுத்தது. அதனை எந்த மருத்துவமனையும் உறுதியாகக் கூற முடியாது.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது

பிரிஸ்டல் நகரின் மருத்துவமனையில் இதய அறுவைக்கு உள்ளான குழந்தைகள் பலர் இறந்ததைப் பற்றி அமைக்கப்பட்ட விசாரணை, 2001இல் தன் அறிக்கையை அளித்தது. அது பெருந்தமனியைப் பற்றியதன்று. ஆயினும், ஒரு மருத்துவமனையில் எத்தனை பேர் பிழைக்கின்றனர், எத்தனை பேர் இறக்கின்றனர் என்னும் கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தை அது நாட்டில் ஆழமாக ஊன்றியது.

பெருந்தமனி மருத்துவத்தின் கணக்கு 2008இல் வெளிப்பட்டது. ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளை ஒப்பிட்ட அறிக்கை ஒன்று, வெடிக்காத புடைப்பிற்குத் திட்டமிட்டுச் செய்யப்படும் திறந்த அறுவையில் பிரிட்டனில் நூற்றுக்கு 7.5 பேர் இறப்பதாகக் காட்டியது. ஒப்பிடப்பட்ட நாடுகளின் சராசரி 3.5. மேற்கு ஐரோப்பாவிலேயே மிக மோசமான நிலை பிரிட்டனுடையது. அறுவை செய்யாவிட்டால் அடுத்த ஆண்டும் உயிரோடு இருந்திருக்கக் கூடியவர்கள் அவர்கள். தம் கால்களால் நடந்து மருத்துவமனைக்குள் சென்றவர்கள்.

காரணம் ஏற்கெனவே ஓரளவு தெரிந்திருந்தது. 2000 முதல் 2005 வரை நடைபெற்ற அறுவைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 32க்குக் குறைவான புடைப்பு அறுவைகளைச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியிருந்தது. ஊர்தோறும் மருத்துவம் என்னும் அந்தப் பழைய நியாயம் இவ்விடத்தில் கேள்விக்குள்ளானது. அரிதாகச் செய்பவரின் கை, அன்றாடம் செய்பவரின் கைபோல் இருப்பதில்லை. அறுவை மருத்துவர் மட்டுமல்லர். மயக்க மருந்து தருபவர், தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர், இரவில் சி.டி. ஸ்கேனைப் படிப்பவர் என அனைவரின் பயிற்சியும் சேர்ந்தே ஒருவரைப் பிழைக்க வைக்கிறது.

குருதிநாள அறுவை மருத்துவர்களின் சங்கம் அந்த எண்ணை மறுத்து வாதிடவில்லை; மறைக்கவும் முயலவில்லை. இறப்பை 2013க்குள் பாதியாகக் குறைப்போம் என்று தனக்குத் தானே இலக்கு வைத்தது. ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அறுவைக்கு முன் பல துறை வல்லுநர்கள் கூடி ஆராய வேண்டும். இதயமும் நுரையீரலும் தாங்குமா என முறையாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வோர் அறுவையின் முடிவும் பதிவாக வேண்டும் என்றெல்லாம் நெறிகள் வகுக்கப்பட்டன. குறைந்தது 8 இலட்சம் மக்களுக்கு ஒரு குருதிநாள மையம் என்ற அளவுகோலின்படி சிறு பிரிவுகள் மூடப்பட்டுப் பெரிய மையங்களுடன் இணைக்கப்பட்டன. 2013இல் தேசியக் குருதிநாளப் பதிவேடு நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஒவ்வோர் அறுவை மருத்துவரின் பெயருடன் அவர் செய்த அறுவைகளின் எண்ணிக்கையும் இறப்பு விகிதமும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பிரிட்டனில் அவ்வாறு வெளியிட்ட புதிய துறைகளின் வரிசையில் முதலில் நின்றது குருதிநாள அறுவைத் துறையே.

இலக்கு எட்டப்பட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வெளியான பதிவேட்டு அறிக்கைகளில், திட்டமிட்ட திறந்த அறுவையில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ மூவர். உள்வழிச் சிகிச்சையில் ஒருவருக்கும் குறைவு. இந்தக் குறைவு முழுவதும் மையப்படுத்தியதன் பயன் என்று கொள்ள முடியாது. உள்வழிச் சிகிச்சை பரவியதும், நோயாளிகளைக் கவனமாகத் தேர்ந்ததும் அதில் சேர்ந்துள்ளன. எனினும், தன் குறையைத் தானே எண்ணிப் பார்த்து வெளியிட்ட துறை தன்னைத் திருத்திக்கொண்டது என்பதை மறுக்க இயலாது.

இழப்பும் இருந்தது. முன்பு தந்தையைக் காண மனைவி மக்கள் பேருந்தில் சென்று திரும்பிய ஊர் மருத்துவமனை, இப்போது பெருந்தமனி நோயாளியைப் பல மைல் தொலைவுக்கு அனுப்புகிறது. வெடித்த புடைப்புடன் ஆம்புலன்சில் கிடப்பவர்க்கு ஒவ்வொரு மைலும் கனமானது. அருகிலிருக்கும் பயிலாத கையா, தொலைவிலிருக்கும் பயின்ற கையா என்னும் கேள்விக்கு நாடு இரண்டாவதைத் தேர்ந்தது. தேர்வு சரியானதே என்று எண்கள் சொல்லும். வழியிலேயே ஒருவரை இழந்த குடும்பத்திடம் அந்த எண்களைச் சொல்வது எளிதன்று.

எண்ணப்படாதவர்கள்

எண்ணிக்கைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அறுவை மேசைக்கு வந்தவரைப் பதிவேடு எண்ணும். மேசைக்கே வராதவரை எண்ணாது.

2005 முதல் 2010 வரை வெடித்த புடைப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. அமெரிக்காவில் நூற்றுக்கு 80 பேர்க்கு அறுவை செய்யப்பட்டது. இங்கிலாந்தில் 58 பேர்க்கு. மருத்துவமனையில் இறந்தோர் அங்கே நூற்றுக்கு 53, இங்கே 66. இயலாது என்று கைவிடப்பட்டவர்களுள் சிலரேனும் பிழைத்திருக்கலாம் என்பதே அதன் பொருள். 2016இல் வந்த மற்றோர் ஆய்வு, வெடிக்காத புடைப்புகளுக்கு இங்கிலாந்தில் அமெரிக்காவைப்போல் ஏறத்தாழப் பாதி அளவே அறுவை நடப்பதையும், அறுவையின்போது புடைப்பின் சராசரி விட்டம் அங்கே 58.3 மி.மீ., இங்கே 63.7 மி.மீ. என்பதையும் காட்டியது. புடைப்பால் நேரும் மரணமோ இங்கிலாந்தில் மும்மடங்குக்கும் மேல்.

பொறுத்திருத்தல் ஒரு மருத்துவம் என்று முன்னர்க் கண்டோம். பொறுத்திருத்தல் எந்தப் புள்ளியில் புறக்கணிப்பாக மாறுகிறது? இந்த ஒப்பீடு அக்கேள்வியை எழுப்பியது; அதற்கு எல்லாரும் ஏற்கும் விடை இன்னும் கிடைத்தபாடில்லை. தம் பெயரின்கீழ் இறப்பு எண்ணிக்கை வெளியாகும் மருத்துவர், ஆபத்து மிகுந்த நோயாளியை ஏற்கத் தயங்குவாரோ என்னும் ஐயமும் இதனுடன் சேர்ந்தே எழுந்தது. நேர்மையாக எண்ணுவதற்கென்று கொண்டுவந்த முறை, எளியவற்றை மட்டும் எண்ணத் தூண்டும் முறையாகிவிடக் கூடாது அல்லவா?

பெண்களின் நிலையும் இங்குக் கருதத் தக்கது. தமனிப் புடைப்பு அவர்களிடையே மிகக் குறைவு. ஆதலால் 65ஆம் வயதின் கடிதம் அவர்களுக்கு வருவதில்லை. ஆனால் வந்தவர்க்கோ, ஆண்களைவிடச் சிறிய அளவிலேயே புடைப்பு வெடிக்கிறது; அறுவையில் இறப்பும் கூடுதல். 5.5 செ.மீ. என்ற வாசற்படி பெரும்பாலும் ஆண்களை அளந்து கட்டப்பட்டது.

மன்னரின் நோய் இன்று

சுவர் பிளக்கும் நோய்க்கு இன்று மருத்துவம் உண்டு. இதயத்தையொட்டிய பகுதியில் பிளவு நேர்ந்தால், சில மணிநேரத்திற்குள் மார்பைத் திறந்து அப்பகுதியை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மணிநேரத் தாமதமும் உயிரிழப்பைக் கூட்டுகிறது. கீழ்ப்பகுதியில் நேர்ந்தால் பெரும்பாலும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளாலும், தேவையாயின் உள்வழிக் குழாயாலும் காக்க முடிகிறது. குறை அறுவை அறையில் இல்லை. அவசரப் பிரிவின் வாசலில் உள்ளது. நெஞ்சு வலியுடன் நாள்தோறும் பலர் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு மாரடைப்போ, நுரையீரல் தொல்லையோ, வயிற்றெரிச்சலோதான். பெருந்தமனி பிளந்தவர் அவர்களிடையே அரிதாக ஒருவர். அவரை அடையாளம் காண சி.டி. ஸ்கேன் ஒன்று போதும். ஆனால் அதனை எடுக்க வேண்டும் என்று யாரேனும் நினைத்தாக வேண்டும்.

நோய்க்குப் பலியானோரின் குடும்பத்தினரும் நோயாளிகளும் மருத்துவர்களும் இணைந்து, பெருந்தமனியை நினையுங்கள் என்னும் விழிப்புணர்வு இயக்கத்தை முன்னெடுத்தனர். மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுச் சுவர்களில் அதன் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. 2020 ஜனவரியில் இங்கிலாந்தின் மருத்துவப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு, இந்நோய் தாமதமாக அறியப்படுவது பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 2022இல், இரவோ பகலோ நோயாளியை எந்த மையத்திற்கு, எவ்வாறு விரைந்து அனுப்புவது என்பதற்கான வட்டார ஏற்பாடுகளைத் தேசிய சுகாதாரப் பணி வகுத்தளித்தது.

நோயாளி ஒருவரே வழிகாட்டியாக நின்றதும் இந்நாட்டில் நிகழ்ந்தது. மார்ஃபன் நோயால் தம் பெருந்தமனியின் அடிப்பகுதி விரிந்துவருவதை அறிந்த டால் கோல்ஸ்வர்த்தி என்னும் பொறியாளர், தம் தமனியின் ஸ்கேன் படத்திலிருந்து மாதிரி செய்து, அதன்மேல் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ஒரு வலைத்துணி உறையை உருவாக்கும் வழியை வகுத்தார். 2004 மே மாதம் இலண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் அந்த உறை முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. பொருத்தப்பட்டவர் அவரேதான்.

கூப்பரின் நூலிலிருந்து இந்த வலைத்துணிவரை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள். இவ்வரலாற்றில் கைத்திறனும் கருவிகளும் வளர்ந்தன. அவற்றைப் பாராட்டுவது எளிது. அவற்றினும் அரியது 2008இல் ஒரு துறை தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, நாங்களே மிகப் பின்தங்கியவர்கள் என்று உரக்கச் சொன்னது. அதனால் பிழைத்தவர்கள் தாம் எதிலிருந்து பிழைத்தோம் என்பதை அறியமாட்டார்கள். தடுக்கப்பட்ட மரணத்திற்கு முகமோ பெயரோ இல்லை. பதிவேட்டில் குறைந்துபோன ஒரு பின்னம் மட்டுமே அதன் தடம்.

மறுபுறம், மேசைக்கு வராமலே போனவர்கள், கடிதத்தைப் பிரிக்காமலே வைத்தவர்கள், வயிற்றெரிச்சல் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆகியோரும் இருக்கின்றனர். ஒரு நாட்டின் மருத்துவமனைகளை மதிப்பிட விரும்புவோர், அவை யாரைக் காப்பாற்றின என்பதோடு, யாரை எண்ணாமல் விட்டன என்பதையும் கேட்க வேண்டும். இங்கிலாந்து அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கான விடையைத் தேடும் பணி இன்னும் முடியவில்லை.